26 சென்டிமீட்டர் இறங்கிய குழாயும் ஒரு கண்ணாடி இழையும்

மாணவர்களே, 2025 ஏப்ரல் 1ஆம் தேதி உங்களுக்கு நினைவிருக்கிறதா? நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை 8 மணி கடந்த சில நிமிடங்களில், சிலாங்கூர், சுபாங் ஜெயாவில் உள்ள புத்ரா ஹைட்ஸ் பகுதியில் மண்ணுக்கடியில் சென்ற எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. தீப்பிழம்பு 30 மீட்டருக்கும் மேல் எழுந்தது. அது ஏறக்குறைய பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். வெப்பம் சுமார் 1,000 டிகிரி செல்சியஸை எட்டியது. குழாயின் வால்வுகளை மூடி, உள்ளே எஞ்சியிருந்த வாயு எரிந்து தீர்ந்து, தீ அணைந்தபோது பிற்பகல் 3.45 மணி ஆகிவிட்டது.

நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 200க்கும் அதிகமான வீடுகள் பாதிக்கப்பட்டன. வெடித்த இடத்தில் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 30ஆம் தேதி விசாரணை முடிவு வெளியானது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ் சொன்ன காரணம் பலரையும் வியக்க வைத்தது. குழாயைத் தாங்கியிருந்த மண் நிலையற்றதாக இருந்தது. அதனால் குழாய் தன் பழைய இடத்திலிருந்து 25.9 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. குழாயின் பற்றவைப்பு இணைப்பு 15,000 தடவைக்கும் மேல் திரும்பத் திரும்ப அழுத்தத்துக்கு உள்ளாகிக் களைத்துப்போய் உடைந்தது. நாசவேலை எதுவும் கண்டறியப்படவில்லை.

இந்தச் செய்தியை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி தன் 30 சென்டிமீட்டர் அடிக்கோலைத் தூக்கிக் காட்டினாள். “கிட்டத்தட்ட இவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது. மண்ணுக்குள் நடப்பதை மேலே இருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லையா, டீச்சர்?” என்று கேட்டாள்.

வழி இருக்கிறது. அந்த வழி, நம்மில் பலர் வீட்டில் இணையச் சேவைக்காகச் சுவர் ஓரமாக வந்து மோடத்தில் முடிகிற அதே கண்ணாடி இழைதான். அது எப்படி மண்ணுக்குக் காதாகவும் தோலாகவும் மாறுகிறது என்பதை இன்று பார்ப்போம்.

காலடியில் ஓடும் எரிவாயு

தீபகற்ப மலேசியாவின் முதன்மை எரிவாயுக் குழாய்த் தொடர் 1980களில் தொடங்கிக் கட்டம் கட்டமாக அமைக்கப்பட்டது. கடலடியில் எடுக்கப்படும் இயற்கை எரிவாயு, திரங்கானு மாநிலத்தின் கெர்த்தேயில் சுத்திகரிக்கப்பட்டு, அங்கிருந்து தெற்கே ஜொகூர் வரையிலும் மேற்குக் கரை வழியாக வடக்கே பெர்லிஸ் வரையிலும் செல்கிறது. மொத்த நீளம் 2,500 கிலோமீட்டருக்கும் மேல். கிள்ளானில் உள்ள கானாட் பிரிட்ஜ் மின்நிலையம் போன்றவை இயற்கை எரிவாயுவை எரித்தே மின்சாரம் தயாரிக்கின்றன. நீங்கள் இதைப் படிக்கும் அறையில் சுழலும் மின்விசிறிக்கும் அந்தக் குழாய்களுக்கும் தொடர்பு இருக்கலாம்.

குழாய்கள் போடப்பட்ட காலத்தில் காடும் தோட்டமுமாக இருந்த பல இடங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. குழாய் அதே இடத்தில் இருக்கிறது. ஊர்தான் அதை நெருங்கி வந்துவிட்டது. அதனால் கண்காணிப்பின் தேவையும் கூடிவிட்டது.

மூன்று ஆபத்துகள், மூன்று வேகங்கள்

புதைந்த குழாய்க்கு வரும் ஆபத்துகளை அவை நெருங்கும் வேகத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தோண்டுதல். பெல்ஜியத்தின் கிலாங்கியென் என்ற ஊரில் கட்டுமான வேலையின்போது ஓர் இயந்திரம் எரிவாயுக் குழாயைக் கீறிவிட்டது. குழாய் அப்போதே வெடிக்கவில்லை. பின்னர் 2004 ஜூலை 30 அன்று வெடித்தது. 24 பேர் இறந்தார்கள். எண்ணெய் திருடுவதற்காகக் குழாயில் துளை போடுவதும் இந்த வகைதான். இத்தகைய ஆபத்து சில நிமிடங்களில் வந்துவிடும்.

இரண்டாவது, கசிவு. இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27 அதிகாலை, குழாயிலிருந்து கசிந்த எரிவாயு ஊருக்குள் பரவியிருந்தது. ஒரு தேநீர்க் கடையில் அடுப்பைப் பற்றவைத்தபோது தீப்பிடித்ததாகச் செய்திகள் கூறின. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கசிவு சில மணி நேரமோ சில நாள்களோ நீடிக்கலாம்.

மூன்றாவது, மண் நகர்தல். புத்ரா ஹைட்ஸில் நடந்தது இதுதான். மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல நடப்பது. சத்தம் இல்லை, வாடை இல்லை.

இந்த மூன்றையும் ஒரே கருவி கண்டுபிடிக்குமா? ஒரே இழை போதும். ஆனால் அதை மூன்று விதமாகப் படிக்க வேண்டும்.

இழைக்குள் போகும் ஒளி

ஒளியிழையின் உள்ளே ஒளி செல்லும் மையப் பகுதி சுமார் 9 மைக்ரோமீட்டர் தடிமன் கொண்டது. அதாவது உங்கள் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். அதைச் சுற்றி ஒளிவிலகல் எண் சற்றே குறைந்த இன்னொரு கண்ணாடி உறை உண்டு. உள்ளே நுழைந்த ஒளி அந்த எல்லையில் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து வெளியேற முடியாமல் இழையோடு ஓடுகிறது.

இவ்வளவு தூய்மையான கண்ணாடியைச் செய்தால் ஒளியைப் பல கிலோமீட்டர் அனுப்பலாம் என்று 1966ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டியவர் ஷாங்ஹாயில் பிறந்த சார்ல்ஸ் காவ். அதற்காக 2009ஆம் ஆண்டு அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதி ஒளி மிச்சமிருக்கும்.

மீதிப் பாதி எங்கே போனது? அதில் பெரும்பகுதி இழைக்குள்ளேயே சிதறிவிடுகிறது. வீட்டில் சாம்பிராணி போடும்போது இருட்டறையில் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றை கோடாகத் தெரியும். புகைத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து உங்கள் கண்ணை நோக்கி அனுப்புவதால்தான் அது தெரிகிறது. கண்ணாடி இழைக்குள் புகை இல்லை. ஆனால் கண்ணாடி உருகி இறுகும்போது அதன் அடர்த்தியில் மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் உறைந்துபோகின்றன. அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு வந்த வழியே திரும்புகிறது.

இணைய நிறுவனத்துக்கு இந்தச் சிதறல் ஒரு நட்டம். உணர்கருவி செய்பவருக்கோ அதுதான் மூலப்பொருள்.

எங்கிருந்து வந்தது இந்த ஒளி?

பத்துமலைக் குகையில் நின்று கைதட்டினால் எதிரொலி வரும். எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று அளந்தால் பாறைச் சுவரின் தூரம் தெரிந்துவிடும். இழையிலும் அதே கணக்குதான். இங்கே ஒலிக்குப் பதில் ஒளி.

ஒளியின் வேகம் வெற்றிடத்தில் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். கண்ணாடியில் அது சுமார் 2 லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு லேசர் கருவியை வைத்து, அங்கிருந்து கிள்ளான் வரை 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இழை போட்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். லேசர் ஒரு நுண்ணிய ஒளித் துடிப்பை அனுப்புகிறது. கிள்ளான் முனையில் சிதறிய ஒளி திரும்பி வர 60 கிலோமீட்டர் பயணம். 60ஐ 2,00,000ஆல் வகுத்தால் 0.0003 விநாடி, அதாவது 300 மைக்ரோவிநாடி. பாதி வழியில் சிதறிய ஒளி 150 மைக்ரோவிநாடியிலேயே வந்துவிடும்.

ஆக, திரும்பி வரும் ஒளி ஒவ்வொன்றும் தான் புறப்பட்ட இடத்தின் முகவரியோடு வருகிறது. அந்த முகவரி நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. துடிப்பின் நீளம் 100 நானோவிநாடியாக இருந்தால் இழையை 10 மீட்டர் துண்டுகளாகப் பிரித்துப் படிக்கலாம். 30 கிலோமீட்டரில் 3,000 துண்டுகள். மண்ணுக்குள் 3,000 கருவிகளைப் புதைத்து, ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் கொடுத்துப் பராமரிக்க வேண்டியதில்லை. இழை முழுவதும் வெறும் கண்ணாடி. மின்சாரம் தேவைப்படுவது ஒரு முனையில் இருக்கும் கருவிக்கு மட்டுமே. எரிவாயுக் குழாய்க்கு அருகில் மின்பொறி எழ வாய்ப்பில்லை என்பது கூடுதல் நன்மை.

முதல் வாசிப்பு: காது

நிறம் மாறாமல் சிதறும் ஒளியை ரேலி சிதறல் என்கிறோம். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டில் விளக்கிய ஆங்கில அறிவியலாளர் ரேலி பிரபுவின் பெயர் அது.

இழையின் ஒவ்வொரு துண்டிலும் உறைந்திருக்கும் ஏற்றத்தாழ்வுகள் வெவ்வேறானவை. ஒவ்வொரு துண்டும் தனக்கே உரிய ஓர் ஒளிக்கோலத்தைத் திருப்பி அனுப்புகிறது. நமது கைரேகையைப் போன்றது அது. மண் அமைதியாக இருந்தால் அடுத்தடுத்த துடிப்புகளிலும் அதே கோலம் வரும். மேலே ஒருவர் மண்வெட்டியால் கொத்துகிறார் என்றால் அதிர்வு மண் வழியாக வந்து அந்தத் துண்டை மிக மிகச் சிறிதளவு நீட்டிச் சுருக்கும். அந்த இடத்தின் கோலம் உடனே மாறும்.

விநாடிக்கு 2,000 துடிப்புகள் அனுப்பினால் அந்த மாற்றத்தை ஒலி அலையாகவே பதிவு செய்துவிடலாம். மனிதர் நடந்தால் சீரான தாளம் வரும். மண்வெட்டி என்றால் இடைவெளி விட்டுவிட்டு ‘தொம்’ என்று கேட்கும். மண்வாரி இயந்திரம் என்றால் எஞ்சினின் தொடர்ந்த உறுமலோடு வாளி மண்ணில் இறங்கும் அதிர்வும் சேர்ந்து வரும். ரயில் என்றால் அதிர்வு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நகர்ந்துகொண்டே போகும்.

இது எவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பசடினா நகரில் புத்தாண்டு தோறும் ரோஜா அணிவகுப்பு நடக்கும். 2020ஆம் ஆண்டு அந்த ஊர்வலம் சென்ற சாலைக்கு அடியில் இருந்த தொலைத்தொடர்பு இழையைக் கால்டெக் ஆய்வாளர்கள் இப்படிப் படித்தார்கள். அலங்கார வண்டிகளும் இசைக் குழுக்களின் அடிவைப்பும் பதிவில் தனித்தனியாகத் தெரிந்தன. நம் தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலை நோக்கிப் போகும் சாலைக்கு அடியில் ஓர் இழையைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இரண்டாம் வாசிப்பு: சூடும் குளிரும்

சிதறும் ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறித் திரும்புகிறது. இதைக் கண்டறிந்தவர் நமக்கு மிகவும் தெரிந்தவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கொல்கத்தாவில் செய்த ஆய்வின் முடிவை 1928 பிப்ரவரி 28 அன்று அறிவித்தார். 1930ஆம் ஆண்டு ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒளி ஒரு மூலக்கூறின் மீது படும்போது சில வேளைகளில் தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறுக்குக் கொடுத்துவிட்டுச் செல்லும். சில வேளைகளில் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடமிருந்து கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கொண்டு செல்லும். வெப்பம் கூடினால் அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகள் அதிகமாகும். ஆகவே ஆற்றலை வாங்கிச் செல்லும் ஒளியும் கூடும். இந்த இரண்டு வகை ஒளியின் விகிதத்தை அளந்தால் இழையின் அந்தத் துண்டு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கசிவுக்கும் வெப்பத்துக்கும் என்ன தொடர்பு? உயர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் இயற்கை எரிவாயு சிறு துளை வழியே வெளியேறி விரியும்போது குளிர்ந்துவிடும். அழுத்தம் 1 பார் குறைந்தால் சுமார் அரை டிகிரி. குழாயின் அழுத்தம் பல பத்து பார் என்பதால் துளையைச் சுற்றியுள்ள மண் நன்றாகவே குளிரும். 30 கிலோமீட்டர் வரைபடத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெப்பநிலை கீழே இறங்கினால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று பொருள். சூடாக்கிய எண்ணெயைக் கொண்டு செல்லும் குழாய் என்றால் கசிவிடம் குளிர்வதற்குப் பதில் சூடாகும்.

தமிழ்நாட்டில் பிறந்த இருவர் கண்டறிந்த விளைவு, 1980களிலிருந்து இப்படி இழையோடு வெப்பத்தை அளக்கப் பயன்பட்டு வருகிறது.

மூன்றாம் வாசிப்பு: நீட்சி

இப்போது அந்த மாணவியின் அடிக்கோலுக்கு வருவோம். மெல்ல இறங்கும் குழாயை ‘காது’ கேட்காது. அது அதிர்வுகளைத்தான் கேட்கும். ஆண்டுக் கணக்கில் நடக்கும் இறக்கம் அதற்கு அமைதிதான். கசிவு தொடங்கும் வரை வெப்பமும் மாறாது. இங்கே தேவைப்படுவது மூன்றாவது வாசிப்பு.

எந்தக் கண்ணாடியிலும் மிக நுண்ணிய ஒலி அலைகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பட்டுச் சிதறும் ஒளியின் அதிர்வெண் சிறிது மாறும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் பிரில்லுவன் 1922ஆம் ஆண்டில் விளக்கினார். வீணையின் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறும் அல்லவா? அதுபோல இழையை இழுத்தால் இந்த அதிர்வெண் மாற்றமும் கூடும். சுருதி எவ்வளவு ஏறியது என்று பார்த்து இழை எவ்வளவு நீண்டது என்று கணக்கிடலாம். ஒரு மீட்டருக்குச் சுமார் 0.02 மில்லிமீட்டர் நீட்சியைக்கூட இப்படிக் கண்டறிய முடியும்.

இது போதுமா? பித்தாகரஸ் தேற்றத்தைக் கொண்டு நாமே சோதிப்போம். குழாயோடு இறுக ஒட்டிய ஓர் இழை இருப்பதாகவும், 40 மீட்டர் நீளப் பகுதியின் நடுப்புள்ளி 25.9 சென்டிமீட்டர் இறங்கியதாகவும் வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். பாதி நீளம் 20 மீட்டர்; அது ஒரு செங்கோண முக்கோணத்தின் அடிப்பக்கம். உயரம் 0.259 மீட்டர். கர்ணத்தைக் கண்டுபிடியுங்கள்.

20 × 20 = 400. 0.259 × 0.259 = 0.067. கூட்டினால் 400.067. வர்க்கமூலம் 20.0017 மீட்டர்.

20 மீட்டருக்கு 1.7 மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கிறது. ஒரு மீட்டருக்கு 0.084 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கருவியின் எல்லையான 0.02ஐவிட இது நான்கு மடங்கு அதிகம். உண்மையான குழாய் முக்கோணமாக அல்ல, வளைகோடாக இறங்கும். ஆனாலும் நமது கணக்கு அளவைப் புரியவைக்கப் போதும்.

இன்னொரு கணக்கையும் போடுங்கள். அதே 25.9 சென்டிமீட்டர் இறக்கம் 200 மீட்டர் நீளத்துக்குப் பரவியிருந்தால்? ஒரு மீட்டருக்கு நீட்சி 0.0034 மில்லிமீட்டர்தான் வரும். கருவிக்கு அது தெரியாது. ஆக, ஒரே இறக்கம் குறுகிய இடத்தில் நடந்தால் தெரியும். அகலமாகப் பரவினால் தெரியாமல் போகலாம். ஆனால் இதில் ஓர் ஆறுதல் உண்டு. குறுகிய இடத்தில் வளையும் குழாய்தான் அதன் பற்றவைப்புகளுக்கு அதிக ஆபத்தைக் கொடுக்கிறது. ஆபத்து எங்கே அதிகமோ அங்கேதான் இழையின் குரலும் உரக்கக் கேட்கும்.

அந்த 15,000 தடவை அழுத்தத்தையும் மறந்துவிடாதீர்கள். ஒரு காகிதக் கவ்வியை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதல் வளைவில் உடையாது. பத்து இருபது தடவைக்குப் பிறகு, அதே சிறிய விசையிலேயே ‘டக்’ என்று முறியும். இதை உலோகக் களைப்பு என்பார்கள். ஒரு தடவையில் தாங்கக்கூடிய சுமையைப் பல்லாயிரம் தடவை தாங்க முடியாமல் போகிறது. அதனால் குழாய் எவ்வளவு இறங்கியது என்பதோடு எத்தனை தடவை அசைந்தது என்பதும் தெரிய வேண்டியிருக்கிறது. இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டாவது கேள்விக்கும் விடை தேட முடியும்.

எங்கே பயன்படுகிறது?

அசர்பைஜானின் பாக்கு நகரிலிருந்து ஜார்ஜியா வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம் வரை 1,768 கிலோமீட்டர் செல்லும் எண்ணெய்க் குழாயின் பக்கத்திலேயே ஒளியிழை போகிறது. திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்களைக் கண்டுபிடிக்க அந்த இழை பயன்படுத்தப்பட்டது. இந்தியாவில் இந்தியன் ஆயில் நிறுவனமும் தன் குழாய்த் தடங்களில் ஊடுருவலைக் கண்டறிய இதே முறையைக் கையாளுகிறது.

இழை மட்டும்தான் ஒரே காவல் என்று எண்ணிவிட வேண்டாம். குழாயின் உள்ளேயே வாயுவோடு நகர்ந்து செல்லும் ‘பிக்’ என்ற ஆய்வுக் கருவி, சுவரின் தடிமனையும் குழாயின் வளைவையும் அளக்கிறது. தடத்தில் நடந்து பார்க்கும் பணியாளர்களும் உண்டு. ‘பிக்’ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மருத்துவப் பரிசோதனை என்றால், இழை நாள் முழுவதும் கையில் கட்டியிருக்கும் நாடித்துடிப்புக் கடிகாரம்.

இழையால் முடியாதவை

அறிவியலில் ஒரு கருவியின் வலிமையைச் சொல்பவர் அதன் குறையையும் சொல்ல வேண்டும்.

ஒன்று, தூரம். போகப் போக ஒளி மங்கும். ஒரு நிலையத்திலிருந்து இருபுறமும் 40 கிலோமீட்டர் படிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 2,500 கிலோமீட்டர் குழாய்க்கு 30க்கும் மேற்பட்ட நிலையங்கள் தேவைப்படும்.

இரண்டு, ஒட்டுதல். குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும் தொலைத்தொடர்பு இழை சத்தத்தை ஓரளவு கேட்கும். ஆனால் மண் இறங்கினால் அது வழுக்கிக்கொள்ளும், நீளாது. நீட்சியை அளக்க வேண்டுமானால் இழை மண்ணையோ குழாயையோ இறுகப் பிடித்திருக்க வேண்டும். பழைய குழாய்க்குப் புதிதாக இழை போட வேண்டுமென்றால் அதன் அருகே தோண்ட வேண்டும். எதற்கு அஞ்சுகிறோமோ அதையே கவனமாகச் செய்ய வேண்டிய நிலை!

மூன்று, குழப்பம். பிரில்லுவன் அதிர்வெண் நீட்சிக்கும் மாறும், வெப்பத்துக்கும் மாறும். எது எதனால் என்று பிரித்தறிய, இழுபடாத இன்னோர் இழையையும் பக்கத்தில் வைப்பார்கள்.

நான்கு, தகவல் வெள்ளம். 3,000 துண்டுகள், விநாடிக்கு 2,000 துடிப்புகள். பெருக்கினால் விநாடிக்கு 6 மில்லியன் எண்கள். ஒரு நாளைக்கு 500 பில்லியனுக்கும் மேல். கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளில் லாரி, எல்ஆர்டி, கேடிஎம் ரயில், மழை, கட்டுமானம் என்று எத்தனை அதிர்வுகள்! இதில் எது ஆபத்து, எது வழக்கமான சத்தம் என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மழை பெய்யும் போதெல்லாம் எச்சரிக்கை மணி அடித்தால், சில வாரங்களில் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். உண்மையான ஆபத்து வரும்போதும் அப்படியே.

ஐந்தாவது, மிக முக்கியமானது. இழை சொல்லும், ஓடிப்போய்த் தடுக்காது. எச்சரிக்கை வந்தவுடன் ஒருவர் அந்த இடத்துக்குப் போக வேண்டும். இறக்கம் தெரிந்தால் பொறியாளர்கள் அழுத்தத்தைக் குறைக்கவும், தோண்டிப் பார்த்து மண்ணை உறுதிப்படுத்தவும் முடிவெடுக்க வேண்டும். எச்சரிக்கைக்கும் நடவடிக்கைக்கும் இடையில் யாரும் இல்லையென்றால் 3,000 காதுகள் இருந்தும் பயனில்லை.

நீங்களும் ஒரு காவலர்

எரிவாயுக் குழாய் செல்லும் தடங்களில் எச்சரிக்கைப் பலகைகளும் குறியீட்டுத் தூண்களும் நட்டிருப்பார்கள். உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் அப்படி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். அருகே தோண்டும் வேலை நடந்தால் பலகையில் உள்ள எண்ணுக்குத் தெரிவிக்கும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். காரணமில்லாமல் ‘உஸ்’ என்ற சத்தம் வருவது, தேங்கிய நீரில் குமிழ்கள் எழுவது, ஓரிடத்தில் மட்டும் புல் காய்ந்துபோவது, தரை தாழ்வது, புதிய வெடிப்புகள் தெரிவது எல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். கசிவு என்று சந்தேகம் வந்தால் அங்கேயே நின்று படம் பிடிக்காதீர்கள். நெருப்பையோ மின்விசைகளையோ தொடாமல் விலகிச் சென்று, தொலைவிலிருந்து 999ஐ அழையுங்கள்.

இறுதியாக உங்களுக்கு ஒரு கேள்வி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரையிலான நமது கற்பனை இழைக்கு நீங்கள்தான் இரவுக் காவலர். நள்ளிரவு கடந்து 2 மணி. துடிப்பு புறப்பட்டு 180 மைக்ரோவிநாடி கழித்து வரும் ஒளியில் மட்டும் கோலம் மாறுகிறது. இரண்டு விநாடிக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று விநாடிக்கு ஒருமுறை ‘தொம்’. நகரவே இல்லை. இருபது நிமிடமாக அதே இடம். எத்தனையாவது கிலோமீட்டர்? என்ன நடக்கிறது? யாரை, எவ்வளவு சீக்கிரம் அனுப்புவீர்கள்?

முதல் கேள்விக்கான விடை: 18 கிலோமீட்டர். ஒளி போய்வந்த தூரம் 36 கிலோமீட்டர் என்பதால் அதில் பாதி. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையை வகுப்பில் விவாதித்து எழுதுங்கள். அவற்றுக்கான விடைகளைக் கருவி தராது.